தவக்காலத்துக்கு என்ன எடுத்துக்கொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் நோன்புக் காலம்தான் தவக்காலம், அது சாம்பல் புதனன்று தொடங்கும். அதற்கு இரண்டு நாள் முன்னால் வருடா வருடம் இதே பேச்சுதான். "இந்தத் தடவை எதை விடப்போறீங்க?", "நான் என்ன பண்ணலாம், சொல்லுங்களேன்". பதில் சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு தொகுப்பு சேர்ந்துவிட்டது, அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் குருவானவரும் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஏதாவது ஒன்றை எடுத்து, அதில் பாதிக்கு மேல் கோட்டைவிட்ட ஆள், அவ்வளவுதான். தவக்காலம் என்று நான் எழுதுவதை லெந்து காலம் என்று நீங்கள் படித்துக்கொண்டாலும் விஷயம் மாறாது.

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனி வரை எண்ணினால் 46 நாள் வருகிறதே, 40 நாள் என்று ஏன் சொல்கிறார்கள்?

நடுவில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிடுங்கள், 40 வந்துவிடும். ஞாயிறு என்பது ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று நோன்பு கிடையாது. பழைய ரோமாபுரியில் ஆறு வாரம் மட்டுமே இருந்தது, வாரத்துக்கு ஆறு நாள் என்று 36 நோன்பு நாள். பாப்பரசர் பெரிய கிரகோரியார் அதை ஒரு வருடத்தின் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, என்று அழகாகக் கணக்குச் சொன்னார். இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்தது 40 நாள் ஆயிற்றே, நாலு குறைகிறதே என்று பின்னாளில் முன்பக்கம் நாலு நாளைச் சேர்த்தார்கள். தொடக்கம் ஒரு புதன்கிழமையில் போய் உட்கார்ந்தது அப்படித்தான். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் சாம்பல் புதன் இல்லை, திங்கட்கிழமையே தொடங்கிவிடுவார்கள்.

சபை கட்டாயம் என்று வைத்திருப்பது எது, நானாக எடுத்துக்கொள்வது எது?

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல். லத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கர்களுக்குக் கட்டாயம் என்பது உண்மையில் ரொம்பக் குறைவு. சாம்பல் புதனும் புனித வெள்ளியும் ஒருசந்தி நாட்கள், அந்த இரண்டு நாளும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சி கிடையாது. ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் கொஞ்சமாக ஏதாவது. 18 வயது நிறைந்தவர்கள் 60ஆம் வயதில் கால் வைக்கும் வரை, அதாவது 59ஆவது பிறந்தநாள் வரை, இதற்குக் கட்டுப்பட்டவர்கள். இறைச்சி தவிர்ப்பது 14 வயது முடிந்ததிலிருந்து. இது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இருப்பது. அந்தந்த நாட்டு ஆயர் பேரவை இதில் மாற்றம் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள், ஆகவே உங்கள் பங்குக் கோயிலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைத் தாண்டி எடுக்கிற எல்லாமே நீங்களாக விரும்பி எடுப்பது. சாக்லேட் தின்றுவிட்டேன், பாவமாகிவிட்டதா என்று பதறிப்போய்க் கேட்பவர்கள் உண்டு. இல்லை. சபைச் சட்டம் சாக்லேட்டைப் பற்றி மூச்சே விடவில்லை, அது உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கிற பேச்சு.

அப்படியென்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காக என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் "எதை விடலாம்?" என்று தொடங்குகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது வேறு மாதிரி கேட்டுக்கொள்கிறேன்: போன ஒரு மாதத்தில் என் நாள் எங்கே போனது, என் காசு எங்கே போனது, நான் யாரிடம் எரிந்து விழுந்தேன்? சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம் ஒரு காகிதத்தில் இந்த மூன்றுக்கும் எதிரே நேர்மையாக நாலு வரி எழுதிப் பாருங்கள். மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் இயேசு வரிசையாகப் பேசுகிற தர்மம், ஜெபம், நோன்பு மூன்றும் அந்தக் காகிதத்துக்குள்ளேயே கிடக்கும். காசு போன இடத்தில் தர்மத்துக்கும், நேரம் போன இடத்தில் ஜெபத்துக்கும் வேலை இருக்கிறது. எரிந்து விழுந்த இடத்தில் நாக்கு நோன்பு இருக்க வேண்டியிருக்கலாம்.

ஒரு வருடம் நான் எழுதியதில் முதல் வரி, "ராத்திரி பத்தரைக்குப் படுத்து, பன்னிரண்டரை வரை போன்" என்பது. இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன பார்த்தேன் என்று யாராவது மறுநாள் கேட்டிருந்தால் ஒன்றுகூடச் சொல்லியிருக்க மாட்டேன். அதை எழுதிப் பார்த்த பிறகு, அந்த வருடம் எதை எடுப்பது என்று தனியாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, எடுக்கிற விஷயம் கொஞ்சம் உறுத்த வேண்டும், ஆனால் உங்களைச் சாய்த்துவிடக் கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே பிடிக்காத ஒன்றை விட்டுவிட்டு அதைத் தியாகம் என்று கணக்கில் எழுதுவது வேடிக்கை. அதேபோல ஒரு நாளும் ஜெபமாலையைத் தொடாத ஆள் தினமும் நள்ளிரவு ஜெபத்துக்கு எழுவேன் என்று கிளம்பினால் அது ஆரம்ப சூரத்தனம், இரண்டாவது வாரம் தாண்டாது.

புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவிகளுக்கு எழுதிய மடத்து ஒழுங்கில், அது 6ஆம் நூற்றாண்டு, 49ஆம் அதிகாரம் முழுக்க இதைப் பற்றித்தான். துறவியின் வாழ்க்கை முழுவதுமே தவக்காலம் மாதிரிதான் இருக்க வேண்டும், ஆனால் அவ்வளவு பலம் சிலருக்குத்தான் உண்டு, ஆகவே இந்த நாட்களிலாவது வழக்கத்தோடு கொஞ்சம் கூடுதலாக ஏதாவது செய்யட்டும் என்கிறார். உணவு, குடி, தூக்கம், பேச்சு, கேலி கிண்டல் என்று குறைக்கக்கூடியவற்றையும் சொல்லிவிட்டு, ஒவ்வொருவரும் தான் எடுத்துக்கொண்டதை மடத்துத் தலைவரிடம் சொல்லி அவர் சம்மதத்தோடு செய்ய வேண்டும், சொல்லாமல் செய்தால் அது தற்பெருமைக் கணக்கில் போகும் என்கிறார். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி விஷயம். நமக்கு மடத்துத் தலைவர் இல்லை. ஆனால் நம்மை அறிந்த ஒருவரிடம், ஆன்ம குருவோ அக்காவோ நெருங்கிய நண்பரோ, "இதை எடுக்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், நீங்கள் எடுத்தது அதிகமா, குறைவா, இல்லை ஊருக்குக் காட்டவா என்று.

எத்தனை எடுக்கலாம்?

ஒன்று. மிஞ்சிப்போனால் இரண்டு.

அகலக் கால் வைத்த கதை என்னுடையதே இருக்கிறது. ஒரு வருடம் ஐந்து தீர்மானம் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன், சட்டை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று. பத்தாவது நாள் ஐந்தில் இரண்டு போயிருந்தது. பதினைந்தாவது நாள் அந்தக் காகிதத்தைப் பார்க்கக் கூச்சமாகி, அந்தப் பக்கக் கதவைத் திறக்காமலே இன்னொரு பக்கம் கைவிட்டுச் சட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு அப்புறம்தான் கிழித்தேன்.

விடுவது நல்லதா, புதிதாக ஒன்றைச் செய்வது நல்லதா?

இப்போதெல்லாம் "எதையும் விட வேண்டாம், நல்லதாக ஒன்றைச் செய்தால் போதும்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஏற்கெனவே நிரம்பி வழிகிற நாளில் புதிதாக ஒன்றை எங்கே திணிப்பீர்கள்? ஏதாவது ஒன்றை நகர்த்தினால்தான் இடம் கிடைக்கும். மறுபக்கம், வெறுமனே நகர்த்திவிட்டு இடத்தைக் காலியாக விட்டால், அதில் வேறொரு குப்பை வந்து உட்கார்ந்துகொள்ளும். சமூக வலைத்தளத்தை விட்டவர் அந்த நேரம் முழுக்கத் தொடர் பார்த்து முடித்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆகவே ஒன்றை விடுங்கள், விட்ட இடத்தில் எது வரப்போகிறது என்பதையும் முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே தீர்மானம்தான். ஐந்தாம் நூற்றாண்டுப் பேதுரு கிறிசோலகுஸ் என்ற ஆயர் ஒரு மறையுரையில் ஜெபமும் நோன்பும் இரக்கமும் ஒன்றுக்கொன்று உயிர் கொடுப்பவை, பிரித்துவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். நோன்பு மட்டும் தனியாக நின்றால் அது வெறும் பட்டினிதான்.

போனை விடலாம் என்று இருக்கிறேன். நடக்கிற காரியமா?

முழுக்க விடுவது பலருக்கு முடியாது, வேலையே அதில்தான் ஓடுகிறது. "போனைக் குறைப்பேன்" என்று பொதுவாக எடுத்தாலும் தோற்றுவிடுவீர்கள், எவ்வளவு குறைத்தால் குறைத்தது என்று யார் சொல்வது? இடமும் நேரமும் சொல்லி எடுங்கள். நான் எடுத்தது, ராத்திரி பத்து மணிக்குப் போன் சமையலறை அலமாரிக்குப் போய்விடும், காலை ஜெபம் முடியும் வரை அங்கேயே இருக்கும் என்பது. எழுப்புவதற்கு ஒரு பழைய அலாரம் கடிகாரத்தைத் தேடி எடுத்தேன்.

முதல் மூன்று நாள் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. கண் திறப்பதற்கு முன்னாலேயே வலது கை தலையணைக்கு அடியில் போய்த் துழாவுகிறது. அங்கே ஒன்றும் இல்லை, படுக்கை விரிப்பின் மடிப்பு மட்டும். கை அப்படியே நிற்கிறது, என்ன செய்வதென்று தெரியாமல். அந்தக் கை நின்ற இடத்தில்தான் "ஆண்டவரே" என்று ஒரு வார்த்தை தானாக வந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ வருடம் காலை ஜெபம் சொல்லியிருக்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக ஒன்றும் ஞாபகம் இல்லை. நான்காவது வாரத்தில் கை தேடுவதை நிறுத்திவிட்டது. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சலுகை உண்டா?

சட்டப்படி ஞாயிறு நோன்பு நாள் இல்லை என்று மேலே சொல்லிவிட்டேன். உங்கள் சொந்தத் தீர்மானத்தை ஞாயிறு தளர்த்துவதா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள், ஞாயிறு மத்தியானம் ஆசை வந்த பிறகு முடிவு செய்யாதீர்கள். என் அபிப்பிராயம், இனிப்பு மாதிரி விஷயங்களில் ஞாயிறு கொண்டாடலாம், அது உயிர்ப்பை நினைவுபடுத்தும். பழக்கத்தை உடைக்க எடுத்த தீர்மானம் என்றால், அதாவது புகை, ராத்திரி போன், புறங்கூறுதல் மாதிரி, ஞாயிறு விடுமுறை கொடுத்தால் திங்கள் மறுபடி ஒன்றிலிருந்து ஏற வேண்டும். மார்ச் 19 புனித சூசையப்பர், மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள் இரண்டும் பெருவிழா, அவை வெள்ளிக்கிழமையில் வந்தால் சட்டப்படி அன்று இறைச்சித் தவிர்ப்பும் கிடையாது.

நான் என்ன எடுத்திருக்கிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லலாமா?

முகத்தை வாட வைத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவிக்கொள் என்று மத்தேயு 6இல் ஆண்டவரே சொல்கிறார், அதுவும் சாம்பல் புதன் திருப்பலியிலேயே வாசிக்கிற பகுதி. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, சாம்பல் வைத்த நெற்றியோடு படம் எடுத்துப் போடுகிறோம். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன்.

சொல்ல வேண்டிய ஆட்கள் உண்டு. வீட்டில் சமைப்பவரிடம் சொல்லாமல் நோன்பு எடுத்தால் அவர் செய்து வைத்தது வீணாகிப் போகும், அது நோன்பா அராஜகமா? கூட இருப்பவர்களைப் பாதிக்கிற விஷயம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு யாராவது உங்களுக்கு விருந்து வைத்து, நீங்கள் விட்டதையே தட்டில் வைத்து நீட்டினால் (கட்டாய நாளாக இல்லாத பட்சத்தில்) பேசாமல் வாங்கிச் சாப்பிடுவதுதான் மரியாதை. "ஐயோ, நான் தவக்காலத்துக்கு இதை விட்டிருக்கேனே" என்று சொல்லி அவர் கையைத் தாழ்த்துவதைவிட அதுவே பெரிய தவம்.

நோன்பு எடுத்ததிலிருந்து எரிச்சலாக வருகிறது, வீட்டில் எல்லோர் மேலும் பாய்கிறேன். தொடரலாமா?

ஒரு வருடம் டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். சின்ன விஷயம்தான், ஆனால் பத்து நாளைக்கு நான் மனிதனாக இல்லை. ஒரு காலை என் மகள், அப்போது எட்டு வயது, சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, "அப்பா, ப்ளீஸ், போட்டுக்கோங்கப்பா" என்றாள். போட்டுக்கொண்டேன். அந்த வருடம் மீதி நாட்களுக்குக் காலை நேரத்தில் குரலை உயர்த்துவதில்லை என்று மாற்றிக்கொண்டேன், அதுதான் சர்க்கரையைவிடப் பல மடங்கு கஷ்டமாக இருந்தது.

பாலைநிலத் துறவிகளிடம் கேட்டு காசியான் எழுதிவைத்த உரையாடல்களில் அப்பா மோசே என்ற பெரியவர் இதைத்தான் சொல்கிறார்: நோன்பும் கண்விழிப்பும் வேத வாசிப்பும் கருவிகள், அவையே நிறைவு இல்லை, கோபத்தால் இழப்பதை நோன்பால் சம்பாதிக்க முடியாது. சுத்தியலை வைத்துக்கொண்டு வீடு கட்டலாம், அதைத் தலையில் சுமந்துகொண்டு திரிந்தால் வீடு எழும்பாது. நோன்பும் அப்படித்தான்.

கொஞ்சம் எடையும் குறையும் என்று நோன்பு எடுப்பது தப்பா?

தப்பில்லை, ஆனால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது, உணவுக் கட்டுப்பாடு. நாற்பது நாளும் எடை இயந்திரத்தில் ஏறி இறங்குபவர் யாரை நினைத்துக்கொண்டு நோன்பிருக்கிறார் என்று அவரே கேட்டுக்கொள்ளட்டும்.

சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். கர்ப்பமாக இருக்கிறேன். வயதாகிவிட்டது. என்ன செய்வது?

சாப்பிடுங்கள். நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் பட்டினி கிடக்கச் சொல்லி எந்தச் சபையும் கட்டாயப்படுத்தவில்லை. இன்சுலின் போடுபவர் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையைத் தவறவிடுவது பக்தி இல்லை, ஆபத்து. சாப்பாட்டோடு ஏற்கெனவே போராட்டம் உள்ளவர்கள், பட்டினி கிடந்து தன்னைத் தண்டித்துக்கொள்கிற பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர்கள், உணவு சம்பந்தமான எந்தத் தவத்தையும் எடுக்கவே வேண்டாம். நேரத்துக்கு உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிடுவதே உங்களுக்கான தவமாக இருக்கலாம், அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

வயதானவர்கள் மட்டும் இதைக் கேட்கவே மாட்டார்கள். "அந்தக் காலத்துல நாங்க..." என்று தொடங்கிவிடுவார்கள். விட்டுப் பிடியுங்கள்.

எனக்கு ஜெபமே வராது. என்னத்தை எடுப்பது?

வாசிப்பை எடுங்கள். ஆசீர்வாதப்பரின் மடங்களில் தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம் கொடுப்பார்கள், அதை முதலிலிருந்து கடைசி வரை ஒழுங்காகப் படித்து முடிக்க வேண்டும். துறவிகளையே அப்படி நடத்தினார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்? மாற்கு நற்செய்தி 16 அதிகாரம்தான், நாளுக்கு அரை அதிகாரம் படித்தாலும் முடிந்து எட்டு நாள் மிச்சம். நான்கு நற்செய்தியும் சேர்த்து 89 அதிகாரம், தினமும் இரண்டு, ஞாயிறையும் சேர்த்துக்கொண்டால் போதும். திருப்பாடல் என்றால் 6, 32, 38, 51, 102, 130, 143 என்ற ஏழு மனவருத்தப் பாடல்களில் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, அந்த வாரம் முழுக்க அதையே வாய்விட்டுப் படிக்கலாம். 130 எட்டே வசனம், மூன்றாவது நாள் மனப்பாடமாகிவிடும்.

வாயில் வார்த்தை வராதவர்களுக்குச் சிலுவைப் பாதை கைகொடுக்கும். இயேசு சிலுவை சுமந்து போனதை நினைவுகூரும் 14 இடம், ஒவ்வொன்றிலும் நின்று, முழங்காலிட்டு, எழுந்து நடக்கிறோம், உடம்பே ஜெபித்துவிடும். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் தவக்காலம் முழுக்கச் சொல்கிற ஒரு சின்ன ஜெபம் உண்டு, புனித எப்ரேமுடையது என்று சொல்வார்கள். சோம்பலையும் மனத்தளர்ச்சியையும் அதிகார ஆசையையும் வீண்பேச்சையும் என்னிடமிருந்து எடுத்துவிடும் என்று தொடங்கி, என் குற்றத்தைப் பார்க்கவும் என் சகோதரனைத் தீர்ப்பிடாமல் இருக்கவும் வரம் தாரும் என்று முடியும். சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகாது. நடுவில் வருகிற அந்த "வீண்பேச்சு" எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டையில் நிற்கும்.

தர்மம் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

தொகை சொல்ல மாட்டேன், ஒரு வழி சொல்கிறேன். ஹெர்மாசின் மேய்ப்பர் என்ற 2ஆம் நூற்றாண்டு நூலில் அது இருக்கிறது. நோன்பு நாளில் நீ சாப்பிட்டிருக்கக்கூடிய உணவுக்கு என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார், அதை எடுத்து ஒரு விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு என்கிறது. இவ்வளவு நேரடியான கணக்கை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. விட்டது எதுவாக இருந்தாலும் அதன் காசு அன்றன்றைக்கே தனியாக ஒரு டப்பாவுக்குள் விழ வேண்டும். "கடைசியில் மொத்தமாகக் கொடுத்துக்கொள்ளலாம்" என்றால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது.

காசு இல்லாதவர்கள் நேரம் கொடுங்கள். ஏசாயா 58இல் நான் விரும்பும் நோன்பு எது என்று கடவுள் அடுக்கிக்கொண்டே போகிறார், பசித்தவருக்கு உணவு, வீடில்லாதவருக்கு இடம், உடையில்லாதவருக்கு உடை, அப்புறம் உன் சொந்த இனத்தாருக்கு உன்னை ஒளித்துக்கொள்ளாதே என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறோம். மூன்று வருடமாகப் பேசாமல் இருக்கிற சித்தப்பாவுக்கு ஒரு போன் போடுவது ஒரு முழு தவக்காலத்துக்குப் போதுமான தவம்.

நாங்கள் புராட்டஸ்டன்ட். லெந்து வேதத்தில் இல்லையே, எதற்கு அனுசரிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. 1522இல் சூரிச் நகரத்தில் கிறிஸ்தோப் ப்ரோஷாவர் என்ற அச்சகக்காரர் வீட்டில், லெந்து காலத்தில் தடையை மீறித் தொத்திறைச்சி சாப்பிட்டார்கள். போதகர் சுவிங்லியும் அங்கே இருந்தார், அவர் சாப்பிடவில்லை, ஆனால் கொஞ்ச நாளில் உணவு விஷயத்தில் கிறிஸ்தவனுக்குள்ள சுதந்திரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சுவிஸ் சீர்திருத்தமே அந்தச் சாப்பாட்டில் தொடங்கியது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். மறுபக்கம் லூத்தர் தன் சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாட நூலில் நோன்பை நல்ல வெளிப்புறப் பயிற்சி என்றுதான் எழுதியிருக்கிறார், தகுதி தருவது விசுவாசம் என்பதையும் அடுத்த மூச்சிலேயே சொல்லி. ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகம் 40 நாளையும் நோன்பு நாட்கள் பட்டியலில் வைத்திருக்கிறது, எப்படி என்று சொல்லாமல்.

ஆகவே கட்டாயம் என்று யாராவது கழுத்தில் கட்டினால் கழற்றிப் போடுங்கள். விரும்பி எடுத்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆதியிலிருந்தே இதில் ஒரே மாதிரி வழக்கம் இருந்ததில்லை. 5ஆம் நூற்றாண்டில் சோக்ரத்தேஸ் என்ற சபை வரலாற்றாசிரியர், சிலர் உயிருள்ள எதையும் தொடுவதில்லை, சிலர் மீன் மட்டும், சிலர் பறவையும் தண்ணீரிலிருந்துதான் படைக்கப்பட்டது என்று சொல்லி அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள், சிலர் வெறும் ரொட்டி என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பறவைக்காரர்களை நினைத்தால் எனக்கு ஒரு ஆறுதல், சாக்குத் தேடுவதில் நாம் ஒன்றும் முதல் ஆள் இல்லை.

குழந்தைகளுக்கு என்ன கொடுக்கலாம்?

சின்னதாக, கண்ணால் பார்க்கிற மாதிரி. காகிதத்தில் 40 கட்டம் போட்டுக் கொடுத்து, சண்டை போடாத நாளில் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லலாம். என்ன எடுப்பது என்று அவர்களே சொல்லட்டும். நீங்கள் தீர்மானித்து அவர்கள் தலையில் கட்டினால் அது தண்டனையாகத்தான் தெரியும். அப்புறம் அவர்கள் எடுத்ததை நீங்கள் கண்காணிக்காதீர்கள், நீங்கள் எடுத்ததை அவர்கள் கண்காணிப்பார்கள், அது போதும்.

வீட்டில் நான் மட்டும்தான் இதில் ஈடுபாடு உள்ள ஆள்.

அப்படியென்றால் அவர்களுக்குச் செலவில்லாத ஒன்றை எடுங்கள். நீங்கள் அசைவம் விட்டதால் வீடே விட வேண்டும் என்று ஆகக் கூடாது. பாத்திரம் கழுவுகிற முறை உங்களுடையது இல்லாத நாளிலும் கழுவிவிடுங்கள், ஏன் என்று கேட்டால் சும்மாதான் என்று சொல்லுங்கள். தவக்காலம் வந்தாலே வீட்டில் வசதி கூடுகிறது என்று அவர்களுக்குத் தோன்றட்டும்.

இரண்டாவது வாரமே தவறிவிட்டேன். விட்டுவிடலாமா?

இயேசுவே சிலுவைப் பாதையில் மூன்று இடத்தில் விழுகிறார், 3, 7, 9ஆம் இடங்களில். மறுநாள் காலை திரும்ப எடுங்கள், பிராயச்சித்தம் என்று இரட்டிப்பாக்க வேண்டாம், இரட்டிப்பாக்கினால் அதுவும் விழும். ஒரே இடத்தில் நாலைந்து தடவை விழுந்தால் மட்டும் தீர்மானத்தைத் திருத்தியமையுங்கள். "தினமும் அரை மணி" முடியவில்லையா, ஏழு நிமிடம் ஆக்குங்கள். நீங்கள் நினைத்த அளவு பலசாலி இல்லை என்பது இந்த வருடம்தான் தெரிந்தது என்றால், அதையே ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

இன்றைக்குத்தான் இதைப் படிக்கிறேன், தவக்காலம் பாதி முடிந்துவிட்டது.

நான்காவது ஞாயிறு தாண்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறுக்கு முந்தைய நாளாக இருந்தாலும் ஒரு வாரம் கையில் இருக்கிறது. ஆதிச் சபையில் ஈஸ்டருக்கு முன்னால் சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் நாற்பது மணி நேரம் நோன்பிருந்ததாக ஆயர் இரேனேயு 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியிருக்கிறார், நாற்பது நாள் என்பதெல்லாம் பிறகு வந்தது. இன்று ராத்திரி போனை வேறு அறையில் வையுங்கள். காலையில் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.